நூறு வீசைக் கணக்கு

துவாண்டேயில் இன்னும் வீசைதான்.
கிலோத் தராசு ஆபீஸ் கண்ணாடிக்குள் இருக்கிறது,
ஏற்றுமதிக்காரர் வரும் நாளில் துடைப்போம்.

வாசலில் நூறு வீசை ரோகு இறங்கினால்
நாற்பத்து மூன்று
தோலுரிந்து, முள் நீங்கி,
பெட்டிக்குள் ஐஸோடு படுத்துக் கப்பலேறும்.
மிச்சம் ஐம்பத்தேழுக்கு
என் பேரேட்டில் ஒரே சொல்:
கழிவு.

ஒன்பது வருஷம் அந்தச் சொல்லை எழுதினேன்.
தலை, செதில், குடல், நடுமுள், வால்,
வயிற்றோரத்து வெள்ளைச் சதை
எல்லாவற்றுக்கும் ஒரு கோடு, ஒரு கூட்டல்,
கடைசியில் கால்வாய்.

போன மழைக்கு முன்
கால்வாய்க்கரைச் சனம் கூடி வந்து
கேட்டில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் போனது.
எங்கள் வாளி. எங்கள் தண்ணீர்.
முதலாளி ஊ தெய்ன் லின் மூடியைத் திறந்தார்,
மூடினார்,
மத்தியானம் சாப்பிடவில்லை.
மறுநாள் உத்தரவு:
இனி ஒரு செதில்கூடக் கால்வாய்க்குப் போகக்கூடாது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.
தலைகளை மொகிங்காக் கடை டோ ஞோ எடுத்தாள்.
கண்ணைப் பார்ப்பாள், செவுளைக் கிள்ளுவாள்,
பெண் பார்க்க வருகிறவள் தோற்றாள்.
செதிலைக் கழுவிக் காயவைத்துச் சாக்கில் கட்ட
ரங்கூனிலிருந்து ஒரு பையன்.
முகப்பூச்சுக்காம்.
செதில்காரிகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை:
இத்தனை வருஷமாய் முகமெல்லாம் ஒட்டிக்கிடக்குதே,
நாங்க என்ன ரதியாவா ஆனோம்?
நடுமுள்ளில் ஒட்டிய சதையை வழித்தால்
ஐந்து வீசை உருண்டை.
வழித்த முள் காய்ந்து, இடிபட்டு,
வெற்றிலைக் கொடிக்காலுக்கு.

குடல்தான் யாருக்கும் வேண்டாம்.
அதை அரைத்து நீல டிரம்மில் கொட்டி
ஆசிட் அளந்து ஊற்றி
மூங்கிலால் கிண்டுகிறாள் குப்பம்மா.
பித்தப்பை உடையாமல் கிள்ளி எடுக்க
அவள் விரலுக்குத்தான் தெரியும்.
நாலாம் நாள் குடல் குழம்பாகிறது.
அழுகவில்லை, புளித்திருக்கிறது.
மேலே மஞ்சளாய் எண்ணெய்.
கரண்ட் போன ராத்திரி ஒரு திரி போட்டுப் பார்த்தோம்.
எரிந்தது.
ஊர்ப் பூனையெல்லாம் கொட்டகைக்கு வந்துவிட்டது.

குழம்பில் தவிடு பிசைந்தால் வாத்துத் தீனி.
தவிட்டு மூட்டையைப் பிரிக்கும்போது
குப்பம்மா சொன்னாள்:
"எனக்கு முந்தி மூணு செத்துப்போச்சு.
நான் பொறந்ததும் குப்பையில போட்டாங்களாம்.
பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாளாம்.
எங்கம்மா ஒரு படி தவிடு கொடுத்துத்
திரும்ப வாங்கினாளாம்.
எமன் கணக்குல நான் கழிவு."
கிண்டுவதை நிறுத்தவில்லை.

அவள் கூலி
வெட்டுமேசைக்காரிகளின் கூலியில் பாதி.
கேட்டால் மேனேஜர் என் பேரேட்டையே காட்டுகிறார்:
கழிவுப் பகுதி. கழிவுக்கு என்ன கூலி?

இந்த மாதம் கூட்டிப் பார்த்தேன்.
தலை, செதில், உருண்டை, எண்ணெய், தீனி.
ஐஸ் பில்லையும் கரண்ட் பில்லையும்
கழிவுதான் கட்டியிருக்கிறது.

ராத்திரி ரூல்தடி வைத்து
அந்தச் சொல்லை அடித்தேன்.
மேலே என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
பர்மியில் ஒன்று, தமிழில் ஒன்று யோசித்து
கடைசியில் 'இரண்டாம் சரக்கு' என்று எழுதி
கூலிப் பத்தியில்
மேசைக்காரிகளின் எண்ணையே இறக்கினேன்.
மை ஊறிய இடத்தில்
பழைய சொல்லின் கால் இன்னும் தெரிகிறது.

காலையில் ஊ தெய்ன் லின்
வரிவரியாக விரல் வைத்து இறங்கினார்.
கூலியில் விரல் நிற்கவில்லை,
நின்றதோ என்னவோ.
"தொண்ணூற்றெட்டுதான் வருகிறது.
ரெண்டு வீசை எங்கே?"

பித்தம் கொஞ்சம்.
தரையில் போன தண்ணீர் கொஞ்சம்.
மற்றது எங்களோடு பஸ்ஸில் வருகிறது, ஐயா.
கண்டக்டர் அதைப்
பின்சீட்டுக்குப் போகச் சொல்வார்.

அதை எந்தப் பத்தியில் எழுத?